இன்னொரு கரண்டி

மழை பிடித்துக்கொண்டால் அவரிடமிருந்து போன் வரும். "சகல, ஆட்டுக்கால் சொல்லிட்டேன். ஞாயித்திக்கெழம எல்லாரும் வந்துருங்க" என்பார். வர முடியுமா என்று கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. ஷிப்ட் இருக்கிறது, மனைவிக்குக் காய்ச்சல், வண்டி ரிப்பேர், எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்புதான் பதில். "சூடா ரெண்டு டம்ளர் சூப்பு உள்ள போனா எல்லாம் சரியாப் பூடும்." அத்தோடு போனை வைத்துவிடுவார்.

அவர் என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். எனக்கு மூத்த சகலை. கோவளத்தில் டைல்ஸ் கடை வைத்திருந்தார். தொப்பை அவருக்கு முன்னால் வரும். குரல் தொப்பைக்கும் முன்னால் வரும். நான் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வேலைக்காக இந்தக் கடற்கரைக்கு வந்தவன். சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் குவார்ட்டர்ஸ். பெண் எடுத்தது செங்கல்பட்டில். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இங்கே எனக்கு யாரும் இல்லாததால், "இனிமே நான்தான் உனக்கு அண்ணன்" என்று கல்யாணப் பந்தலிலேயே அவர் என் தோளில் கை போட்டுவிட்டார். அந்தக் கையின் கனம் இப்போதும் நினைவில் இருக்கிறது. நான் மாற்றலாகி வேறு ஊருக்கு வந்து நாளாகிவிட்டது. ஆனாலும் ஐப்பசி மழை கொட்டும்போது உதட்டில் கொழுப்பு உறைந்த மாதிரி இருக்கும். புறங்கையால் துடைத்துக்கொள்வேன்.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் மழைக்காலத்தில்தான் அவர் சமையலைப் பார்த்தேன். வீட்டின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. அதன் கீழே மூன்று கல் கூட்டி, சவுக்கு விறகு எரிந்துகொண்டிருந்தது. மேலே பெரிய குண்டான். சட்டை போடாத உடம்போடு கரண்டியைப் பிடித்தபடி அவர் நின்றார். தோளில் ஒரு துண்டு.

அந்தத் துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். குண்டானின் விளிம்பில் வழிந்ததை அதனால் துடைப்பார். நெற்றி வியர்வையைத் துடைப்பார். அக்குளையும் துடைப்பார். பிறகு டம்ளருக்குள் அதை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, அதே டம்ளரில் சூப்பை ஊற்றி நம்மிடம் நீட்டுவார். ருசி பார்க்க வேண்டுமென்றால் கரண்டியிலேயே உறிஞ்சிப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் திரும்பக் குண்டானில் விடுவார். மீசையில் தொங்கும் சொட்டும் கூடவே விழும். சொந்தக்காரர்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். யாரும் எதுவும் சொன்னதில்லை.

சூப்பு நன்றாக இருக்கும். அதை மறைத்துப் பேச எனக்கு இஷ்டமில்லை. இடித்த மிளகு, சீரகம், நசுக்கிப் போட்ட சின்ன வெங்காயம், விடியற்காலையிலிருந்து கொதித்து இறங்கிய எலும்புச் சாரம். கடல்காற்றில் நனைந்து வந்தவனுக்கு முதல் டம்ளர் தொண்டையில் இறங்கும்போது கண்ணில் தண்ணீர் வரும். சந்தோஷத் தண்ணீர்தான்.

இரண்டாவது டம்ளரை நான் கேட்கவில்லை. வந்தது, குடித்தேன். மூன்றாவதைக் கொண்டுவந்தபோது, "போதும்ணே" என்றேன்.

"இன்னா போதும்? கறி துன்னு வளந்த ஊர்க்காரன். ரெண்டு டம்ளர்ல போதும்ன்ற?"

"நிஜமா போதும்ணே. வயிறு நெறஞ்சிருச்சு."

டம்ளரை உள்ளங்கையால் மூடினேன். அவர் குனிந்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். குழந்தையிடம் விளையாடுவது போலத்தான் பிரித்தார். ஆனால் விரல்கள் வலித்தன. பிரித்த இடைவெளியில் ஊற்றினார். கொஞ்சம் கையில் பட்டுச் சுட்டது. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நான் கடைசி மிடறு விழுங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று திரும்பும் வழியில், மாமல்லபுரம் வருவதற்கு முன்பே, ஒரு சவுக்குத் தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்தி அத்தனையையும் வாந்தி எடுத்தேன். மனைவி முதுகைத் தடவிக்கொண்டே, "எங்க மாமா அப்படித்தாங்க. பாசம் ஜாஸ்தி" என்றாள்.

மறுநாள் போன் வந்தது. "வாந்தி எடுத்தியாமே? நல்லதுதான். உள்ள கெடந்த கசடெல்லாம் வெளிய வந்துருக்கும். அடுத்த வாரம் வா. காலி வயித்துக்கு நல்லா ஏறும்."

அவர் காதில் எல்லாச் சொல்லும் விழும். கடையில் வாடிக்கையாளர் முணுமுணுத்தால்கூட விழும். 'வேண்டாம்', 'போதும்' என்ற இரண்டும் மட்டும் உள்ளே போகாது. வேண்டாம் என்பவன் கூச்சப்படுகிறான், போதும் என்பவன் பொய் சொல்கிறான். அவருக்கு அவ்வளவுதான் அர்த்தம்.

'அவர் சூப்பு' என்று ஊரெல்லாம் பேர். ஆனால் ஆட்டுக்கால்களைச் சுத்தம் செய்தது என் மனைவியின் அக்கா. நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மழைச்சாரலில் குழாயடியில் உட்கார்ந்து, தீயில் வாட்டிய கால்களைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருப்பார். கருகிய மயிரின் நாற்றம் தெருமுனைவரை வரும். சேலைத் தலைப்பை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருப்பார். அக்காவுக்கு அந்த வாடை ஆகாது. சின்ன வயதிலிருந்தே ஆட்டுக்கால் சாப்பிட்டதில்லை என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள்.

அது சகலைக்கும் தெரியும். தெரிந்துதான் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது அக்காவைக் கூப்பிடுவார். எலும்பைத் தட்டில் ஓங்கித் தட்டுவார். மூளை போல வழுவழுப்பாக வெளியே சரியும் மஜ்ஜையை ஆட்காட்டி விரலில் வழித்து, "ஆ காட்டு" என்பார். அக்கா தலையை ஆட்டுவார். "எல்லாரும் பாக்கறாங்க இல்ல, ஆ காட்டும்மா" என்று இன்னொரு கையால் அக்காவின் தாடையைப் பிடிப்பார். விரல் உள்ளே போய் வெறுமையாக வெளியே வரும். "இன்னா லவ்வு பாரு!" என்று யாராவது ஒரு சித்தி சொல்வார். கைதட்டுவார்கள்.

ஒருமுறை கை கழுவப் பின்னால் போனபோது அக்காவைப் பார்த்தேன். மோட்டார் ரூம் பக்கத்தில் குனிந்து, விரலைத் தொண்டைக்குள் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, வாயைக் கொப்பளித்து, "டம்ளருக்குத் தண்ணி எடுத்துட்டு வரேன், போங்க" என்றார். நான் போய்விட்டேன். அன்று கொடுத்த சூப்பை வாயருகே கொண்டுபோன போதெல்லாம் அந்த விரல்தான் தெரிந்தது.

எங்கள் குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டில் என்னோடு வேலை பார்ப்பவர் குடும்பம். சுத்த சைவம். ஒரு ஞாயிறு கோவளம் கடற்கரையைப் பார்க்க எங்களோடு வந்தார்கள். மழை பிடித்துக்கொள்ள, சகலை வீட்டில் ஒதுங்கும்படி ஆகிவிட்டது. "அவங்க சைவம்ணே" என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

"தெரியும் சகல. எனக்குத் தெரியாதா? காய்கறி சூப்பு தனியா வச்சித் தரேன்."

அரை மணி நேரத்தில் கேரட்டும் பீன்ஸும் மிதக்கும் சூப்பு வந்தது. குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த நண்பரின் மனைவி முழு டம்ளரையும் குடித்தார். "ரொம்ப நல்லா இருக்குங்க. என்ன போட்டிருக்கீங்க? எங்க வீட்டுல வச்சா இந்த ருசி வராது" என்றார்.

சகலையின் முகம் மலர்ந்ததை மறக்க முடியவில்லை. கொஞ்சம் காத்திருந்தார். அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைக்கட்டும் என்று காத்திருந்தார்.

"காயெல்லாம் சும்மா மேலுக்கு. தண்ணி, கால் வெந்த தண்ணி! இன்னா டேஸ்ட்டு பாத்தியா? அப்பறம் வாணாம்னு சொல்றீங்க."

அந்த அம்மாள் எழுந்தார். சேலையைச் சரிசெய்துகொண்டு, அக்காவிடம் மட்டும் "போயிட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டு, கொட்டுகிற மழையில் நடந்து போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். எங்கள் வீட்டுக் கதவை அவர்கள் பிறகு தட்டியதே இல்லை.

"ஏன்ணே இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டேன்.

அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "நான் இன்னா விஷமா குடுத்தேன்? நல்லா கீதுன்னு அந்தம்மாவே சொன்னாங்களா இல்லியா? தெரியாம குடிச்சப்ப இனிச்சது, தெரிஞ்சதும் கசந்துடுமா?" என்றவர், காலியான அந்த டம்ளரைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஒரு வருஷம் புயல் மழையில் கோவளம் குப்பத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மின்சாரம் இல்லை, கடை இல்லை. இவர் தன் மொட்டை மாடியில் தார்ப்பாய் கட்டி, குண்டான் குண்டானாகக் கஞ்சியும் சூப்பும் காய்ச்சினார். முழங்கால் தண்ணீரில் தானே தூக்கிக்கொண்டு போய் வீடு வீடாக ஊற்றினார். காலில் கண்ணாடி குத்திச் சீழ் பிடித்தது. அதோடும் நடந்தார். கோவில், மசூதி, சர்ச் என்று பார்க்கவில்லை. இன்றைக்கும் அங்கே அவரை வாழ்த்துகிறவர்கள் உண்டு. வாழ்த்தட்டும். பசித்தவர்களுக்கு நடுவில்தான் அவர் நல்லவராக இருக்க முடிந்தது. அங்கே யாரும் 'வேண்டாம்' என்று சொல்லவில்லை.

என் மாமனார் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர். மூத்த மருமகனின் சூப்பிலிருந்து தப்பிக்கப் பிரதோஷம், சஷ்டி என்று ஏதாவது ஒரு விரதத்தைக் கண்டுபிடிப்பார். ஒருமுறை டம்ளரை முருங்கை மரத்தடியில் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்ததை நானே பார்த்தேன். சகலையும் பார்த்துவிட்டார். "மரத்துக்கு ஊத்திட்டீங்களா மாமா? பரவால்ல, அதுவும் குடிக்கட்டும். இந்தாங்க, உங்களுது" என்று மறுபடி நிரப்பிக் கொடுத்தார். மாமனார் என்னைப் பார்த்துப் பாவமாகச் சிரித்தார்.

அந்த மனிதருக்குத்தான் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. விழுங்கவும் முடியவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டுச் செங்கல்பட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும் என்று டாக்டர் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். சகலையும் நின்றுகொண்டுதான் இருந்தார். தலையைக்கூட ஆட்டினார்.

நானும் மனைவியும் லீவு போட்டுவிட்டுச் செங்கல்பட்டில் இருந்தோம். அக்காவும் வந்துவிட்டார். ஒரு ஞாயிறு காலை, தூறலில், சகலையின் கார் வந்து நின்றது. கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு.

"எங்களுக்காண்ணே?" என்று கேட்டேன்.

"ஆமா, எல்லாருக்குந்தான். கார்ல பழம் கீது சகல, எடுத்துட்டு வா" என்றார். என் மனைவியிடம் டம்ளர் எடுத்துவரச் சொன்னார்.

நான் பழப்பையோடு திரும்பியபோது அக்காவின் குரல் கேட்டது. "வாணாங்க. ஐயோ, வாணாங்க." உள்ளே ஓடினேன். அவர் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, மாமனாரின் தலையைத் தன் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். ஸ்பூன் வாய்க்குள் இருந்தது. மாமனாரின் இடது கை அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளியது. அவர் அந்தக் கையை எடுத்துத் தன் அக்குளுக்குள் வைத்து இடுக்கிக்கொண்டு, அடுத்த ஸ்பூனை ஊற்றினார். "அவ்ளோதான் மாமா, அவ்ளோதான். எலும்புக்கு எலும்புதான் மருந்து. முழுங்குங்க."

அக்கா அவர் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய உடம்பு அசையவில்லை. நான் பையைப் போட்டுவிட்டு அவரைப் பிடித்துக் கீழே தள்ளினேன். மாமனாருக்கு இருமல்கூட வரவில்லை. களக் களக் என்று ஒரு சத்தம் மட்டும் தொண்டைக்குள் கேட்டது. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. முகவாயில், கழுத்துச் சுருக்கங்களில், பனியனில் எல்லாம் மஞ்சளாகக் கொழுப்பு வழிந்தது.

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தார்கள். பாட்டிலில் வந்து சேர்ந்த தண்ணீரில் எண்ணெய்ப் பொட்டுகள் மிதந்தன. ஒரு சீரகமும் இருந்தது. சமையலில் நான் பார்த்துப் பழகிய எதையும் அத்தனை அருவருப்போடு அதற்கு முன் பார்த்ததில்லை. வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

அங்கே சகலை, பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். "ரெண்டு ஸ்பூன் உள்ள போச்சி. கண்ணு தொறந்து என்னியே பாத்தாரு. இன்னும் குடுன்னு அர்த்தம் அது. இவங்க புரியாம கத்தி, அவரு பயந்து, பொறையேறிடுச்சி."

அக்கா பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். கணவரை நேராகப் பார்த்து அவர் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"எங்கப்பா கையை எதுக்குப் புடிச்சீங்க?"

"எந்தக் கை?"

"உங்களத் தள்ளுச்சே, அந்தக் கை."

"அது தள்ளலம்மா. வாதம் வந்த கை அப்பிடித்தான் தானா இழுக்கும்."

"வாதம் வந்தது வலது கை" என்றார் அக்கா. "உங்க கக்கத்துல இருந்தது எடது கை."

அவர் சுற்றிலும் பார்த்துச் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. "இன்னா இப்ப? கைய ஆராஞ்சிக்கினு. நல்லதுக்குத்தானே குடுத்தேன்" என்றார். அக்கா அன்று அவர் காரில் ஏறவில்லை.

மாமனார் சூப்பினால் சாகவில்லை. நுரையீரலில் சளி கட்டி, ஊசி ஊசியாகப் போட்டு, மெலிந்துபோய் வீட்டுக்கு வந்தார். கோடையில் ஒரு மத்தியானம் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அதுவரை அக்காதான் கூட இருந்து பார்த்துக்கொண்டார். காரியம் எல்லாம் முடிந்த பிறகும் கோவளத்துக்குத் திரும்பவில்லை. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீஸில் வேலை கிடைத்தது. அப்பாவின் வீட்டிலேயே இருந்துவிட்டார். பெரியவர்கள் சமாதானம் பேச வந்தார்கள். "ஒரு டம்ளர் சூப்புக்கா குடும்பத்த விடுவாங்க?" என்று கேட்டார்கள். அக்கா அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பினார்.

அடுத்த மழைக்காலம் வந்தது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைப் பார்க்கப் போவோம். அப்படி ஒரு ஞாயிறு காலை, வாசல் கேட்டின் கொக்கியில் ஒரு எவர்சில்வர் தூக்கு தொங்கியது. கார் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. மூடியைத் திறக்காமலே வாசனை தெரிந்தது. அக்கா அதைத் தெருச் சாக்கடையில் கவிழ்த்தார். தேங்காய் நார் போட்டு, உள்ளும் புறமும் தேய்த்து, மூக்குக்கு எட்டாதபடி கையை நீட்டிப் பிடித்துக் கழுவி, அதே கொக்கியில் மாட்டினார். அடுத்த ஞாயிறு காலித் தூக்கு போய், நிறைந்த தூக்கு வந்தது. மழைக்காலம் பாதி இப்படியே ஓடியது.

மாமல்லபுரத்தில் ஒரு கல்யாணத்தில் சகலையைப் பார்த்தேன். நான் ஒதுங்கிப் போனேன். ஆனால் அவர் குரல் பந்தி முழுவதும் கேட்டது. "கோவம்லாம் வாய்ல மட்டுந்தான். வாரா வாரம் குடுத்துக்கினுதான் கீறேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடிச்சிட்டு, பளபளன்னு கழுவி மாட்டி வச்சிர்றா. புருஷன் கை ருசி விடுமா?" பக்கத்தில் இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

அக்காவிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைக்கும்படி அவர் முகம் மாறியது. தன் கைகளையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கழுவி வச்சது தப்பாப் போச்சு" என்றார்.

அடுத்த தூக்கை அவர் தொடவில்லை. வாரம் முழுவதும் அது மழையில் தொங்கியது. முதலில் எறும்பு வந்தது. பிறகு மூடியின் இடுக்கில் வெள்ளையாகப் பிசின் போல ஏதோ வழிந்தது. ஒரு காகம் வந்து கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. எதிர்வீட்டு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "இன்னா அது, எடுத்து போட்டுட்டு வரட்டா?" என்று கேட்டாராம். "இருக்கட்டும்" என்றிருக்கிறார் அக்கா.

ஞாயிறு காலை நாங்கள் மூவரும் கூடத்தில் இருந்தோம். கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் புதுத் தூக்கோடு இறங்கி வந்தார். பழையதைக் கொக்கியிலிருந்து எடுத்தவருடைய கை கனத்தில் தாழ்ந்தது. ஆச்சரியமாகப் பார்த்தார். மூடியைத் திறந்தார். தலை தானாகப் பின்னால் போனது. முகத்தைத் திருப்பி, தோள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். தான் சமைத்த ஒன்றை அவர் அருவருத்து நான் பார்த்தது அன்றுதான். மறுபடியும் குனிந்து உள்ளே பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். இப்போது புரிந்திருக்கும் என்று நினைத்தேன். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கேட்டின்மேல் கை வைத்து, வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, உப்பு கம்மியாப் பூட்ச்சா?"

அக்கா எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினார். வெளியே கொக்கியில் புதுத் தூக்கு மாட்டப்படும் ஓசை கேட்டது.